ரெண்டு கையால ஏந்துற கிண்ணம்

எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில இருக்குற நம்ம சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்த ஹாலை பிடிக்கிறதுக்காக நடையா நடந்த செயலாளர் தம்பி, ஒரு யென் பிசகாம கணக்கு வச்சிருக்குற பொருளாளர் அக்கா, ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காம நம்ம அழைப்பை மதிச்சு வந்திருக்குற வார்டு ஆபீஸ் அதிகாரி அவர்களே, பிள்ளைங்களுக்கு வாராவாரம் தமிழ் சொல்லிக்குடுக்குற டீச்சர்மாரே, விடியக்காலையில எந்திரிச்சு அடுப்படியில நின்ன அண்ணன்மாரே, அக்காமாரே, உங்க எல்லாருக்கும் என் வணக்கம். முன்வரிசையில கிமோனோ கட்டிட்டு உக்காந்திருக்குற, தேநீர் சடங்கு சொல்லிக்குடுக்குற சென்செய் அம்மாவுக்கு தனியா ஒரு வணக்கம் சொல்லணும். நம்ம பிள்ளை ஒண்ணு பக்கத்துல உக்காந்து ஜப்பான் மொழியில சொல்லச் சொல்ல, நான் பேசுறதை அவங்க கேட்டுட்டு இருக்காங்க. அவங்க வந்தது நமக்கெல்லாம் பெருமை, எல்லாரும் ஒருதடவை நல்லா கை தட்டுங்க.

தலைவர் ஐயா கூப்பிட்டு, "ஊஜிக்கு போய் தேநீர் சடங்குல கலந்துக்கிட்டு வந்தீங்களாமே, அதைப்பத்தி பேசுங்க"ன்னு சொன்னார். மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். அந்த அறை, அந்த கிண்ணம், அப்புறம் விருந்தாளியா போறவங்களோட பொறுப்பு. எங்க ஆத்தா எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும், "பதறாத காரியம் சிதறாது"ன்னு. சின்னதுல காதுல வாங்கினது, ஊஜியில உக்காந்திருந்தப்போ அடிக்கொருதரம் மனசுல வந்துச்சு. இன்னைக்கும் அடிக்கடி வரும், கேட்டுக்குங்க.

ஊஜி கியோட்டோவுக்கு கொஞ்சம் தெக்கால இருக்கு. 10 யென் காசுல ஒரு கோயில் இருக்கு பாருங்க, பியோதோயின், அது அங்கதான். அது பக்கத்துலயே ஆத்தங்கரையில தாய்ஹோ-ஆன்னு நகராட்சியோட தேநீர் வீடு ஒண்ணு இருக்கு. நம்ம மாதிரி வெளியாளுங்களும் காசு கட்டி உள்ள போய் உக்காந்து குடிக்கலாம். கியோட்டோ, டோக்கியோவுலயும் நிறைய இடம் இருக்கு. ஆனா மட்சாங்கற அந்த பச்சைத் தேயிலைத் தூள் விளையுற ஊர்லயே போய் குடிச்சா அதுக்கு ஒரு தனி ருசி. ஜென் புத்த துறவி எய்சாய் 1191ல சீனாவுல இருந்து தேயிலை விதை கொண்டுவந்தார்னு இங்க சொல்லுவாங்க, தூளை வெந்நீர்ல அடிச்சு குடிக்கிற பழக்கமும் அங்க இருந்து வந்ததுதான். அங்க மறைஞ்சு போச்சு, இங்க 800 வருஷத்துக்கு மேல நிக்குது.

மட்சா எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா குடிக்கிறப்போ வேற மாதிரி இருக்கும். பறிக்கிறதுக்கு கிட்டத்தட்ட 20 நாள் முன்னாடியே தேயிலைச் செடிக்கு மேல பந்தல் போட்டு வெயில் படாம மூடிடுவாங்க. பறிச்ச இலையை ஆவியில வேகவச்சு, உருட்டாம அப்படியே காயவச்சு, காம்பு நரம்பெல்லாம் எடுத்துட்டு, கல் திருகையில அரைப்பாங்க. ஒரு திருகையில ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் தூள்தான் கிடைக்கும். வேகமா சுத்துனா சூடு ஏறி வாசனையும் நிறமும் கெட்டுப்போயிடும், அதனால மெதுவாத்தான் சுத்தணும். பதறாத காரியம் சிதறாது!

சரி, அறைக்கு வர்றேன். தோட்டத்துல பாசி படிஞ்ச கல்லு மேல கால் வச்சு நடந்து போகணும், வழியில ஒரு கல் தொட்டி, மூங்கில் அகப்பையால தண்ணி மொண்டு கை அலம்பி வாய் கொப்பளிச்சுட்டுத்தான் உள்ள போகணும். பழைய முறையில கட்டுன தேநீர் அறைக்கு வாசல் சதுரமா கிட்டத்தட்ட 66 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், யாரா இருந்தாலும் முட்டி போட்டு, தலையை குனிஞ்சு, ஊர்ந்துதான் உள்ள போகணும். அந்தக் காலத்துல சாமுராய் வீரனுங்க வாளை வெளியில மாட்டி வச்சுட்டு இப்படித்தான் போனாங்க. உள்ள போனா எல்லாரும் ஒண்ணு. இதை இந்த அளவுக்கு கொண்டுவந்தவர் சென் நோ ரிக்யூ. 1522ல சக்காய் துறைமுக ஊர்ல ஒரு வியாபாரி குடும்பத்துல பொறந்தவர், ஜப்பானையே ஆண்ட ஹிதேயோஷிக்கு தேநீர் குருவா இருந்தவர். கியோட்டோ பக்கத்துல யாமஸாக்கியில அவர் கட்டுனதா சொல்ற தாய்-ஆன்ங்கற தேநீர் அறை இன்னும் இருக்கு, தேசிய பொக்கிஷம்னு பாதுகாக்குறாங்க. ரெண்டே ரெண்டு ததாமி பாய் விரிச்ச அறை. ஹிதேயோஷி சுவர் முழுக்க தங்கத்தகடு வச்ச ஒரு தேநீர் அறை செய்ய வச்சிருந்தார், அதே ஆளு இந்த மண்சுவர் அறையிலயும் உக்காந்து குடிச்சார்னு சொல்லுவாங்க. 1591ல அதே ஹிதேயோஷி உத்தரவு போட்டு ரிக்யூவை வயித்தை கிழிச்சுக்கிட்டு சாக வச்சார். காரணம் இதுதான்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் உறுதியா சொன்னதில்லை. ஆனா ரிக்யூ வழி சாகல, பேரப்பிள்ளை சோதான் வழியா ஒமொதேசென்கே, ஊராசென்கே, முஷாகோஜிசென்கேன்னு மூணு வீடா பிரிஞ்சு கியோட்டோவுல இன்னைக்கும் சொல்லிக்குடுத்துட்டு இருக்காங்க. அறையைப்பத்தி இன்னும் நிறைய பேசலாம், மாடத்துல தொங்குற எழுத்து, ஒத்தை பூ, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தரைக்குள்ள அடுப்பு, மத்த மாசத்துல தரைக்கு மேல அடுப்புன்னு. அதை விட்டுட்டு கிண்ணத்துக்கு வர்றேன், நான் பேச வந்ததே அதுக்குத்தான்.

முதல்ல இனிப்பு வரும், அதை தேநீருக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடணும். அப்புறம் ஊஜியில தேநீர் போட்டுக்கொடுத்த அம்மா நம்ம கண்ணு முன்னாடியே எல்லா சாமானையும் ஒவ்வொண்ணா பட்டுத்துணியால தொடைச்சாங்க. ஏற்கனவே சுத்தமா இருக்குறதைத்தான் தொடைக்கிறாங்க, ஆனாலும் நம்ம முன்னாடி தொடைக்கிறாங்க. கிண்ணத்துல வெந்நீர் ஊத்தி சூடாக்கி, அந்த தண்ணியை கொட்டி, துணியால ஒரு சுத்து சுத்தி, மூங்கில் கரண்டியால ரெண்டு கரண்டி பச்சைத் தூள் போட்டு, அகப்பையால தண்ணி விட்டு, சாசென்னால அடிக்க ஆரம்பிச்சாங்க. சாசென்ங்கறது ஒரே மூங்கில் துண்டை நார் நாரா கீறி செய்யுறது, நாரா பக்கம் தகாயாமாங்கற ஊர்ல தலைமுறை தலைமுறையா செய்யுறாங்க. அறையில யாரும் பேசல, இரும்பு கெட்டில்ல தண்ணி கொதிக்கிற சத்தமும், மூங்கில் கிண்ணத்துல சரசரன்னு உரசுற சத்தமும்தான். மேல இளம்பச்சையா நுரை கட்டுச்சு.

கிண்ணம் என் முன்னாடி வந்துச்சு. கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறம் வழிஞ்ச மாதிரி, அடிப்பக்கம் பூச்சு இல்லாம மண்ணு தெரியுது, விளிம்பு நேரா இல்ல, லேசா மேடு பள்ளமா இருந்துச்சு. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட "ஒசாக்கினி"ன்னு சொல்லணும், உங்களுக்கு முன்னாடி குடிக்கிறேன், மன்னிக்கணும்னு. கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி. அப்புறம் கிண்ணத்தை இடது உள்ளங்கையில வச்சு, வலது கையால அணைச்சு, லேசா உசத்தி வணங்கி, ரெண்டு தடவை திருப்பணும். கிண்ணத்தோட அழகான முகத்தை விருந்தாளி பக்கமா வச்சு கொடுப்பாங்க, அந்த முகத்துல வாய் வைக்கக் கூடாதுன்னு நாம திருப்பிக்கறோம். குடிச்சு முடிச்சதும் வாய் வச்ச இடத்தை விரலால தொடைச்சு, பழையபடி திருப்பி வச்சு, குனிஞ்சு அந்த கிண்ணத்தை நல்லா பார்க்கணும், கையில எடுத்து சுத்தி பார்க்கணும், யார் செஞ்சது, எந்த மண்ணுன்னு கேக்கணும். ஒரு வாய் தண்ணி குடிச்ச பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை!

இங்க ஒரு கதை சொல்லியே ஆகணும். ஹிதேயோஷிகிட்ட ஒரு கொரியா கிண்ணம் இருந்துச்சு, பேரு சுசுயிஸுசு. சுசுயி ஜுன்கேய்ங்கற பிரபு கொடுத்தது. அந்தக் காலத்துல ஒரு நல்ல கிண்ணத்துக்கு ஒரு கோட்டையே ஈடாகாதுன்னு நினைச்சவங்க அவங்க. ஒருநாள் விருந்து நடக்குது, பெரிய பெரிய பிரபுக்கள் வரிசையா உக்காந்திருக்காங்க. ஒரு பையன், ஏவலுக்கு நிக்குற பையன், கிண்ணத்தை தூக்கிட்டு வர்றான். கை நழுவிருச்சு! அஞ்சு துண்டு. நினைச்சுப் பாருங்க, ஹிதேயோஷி கோவம் எப்படிப்பட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும், வெட்டுன்னா வெட்டுதான். பையன் அப்படியே கல்லா நிக்கிறான், ஒருத்தரும் மூச்சு விடல. அப்போ ஹொசொகாவா யூசாய்னு ஒரு பிரபு, வாளும் பிடிப்பார் கவிதையும் எழுதுவார், அவர் பதறல. உக்காந்த இடத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய பாட்டை எடுத்து, கிண்ணம் அஞ்சா உடைஞ்சதையும், அந்த குத்தத்தை நான் ஏத்துக்கறேன்ங்கறதையும் அதுக்குள்ள வச்சு பாடிட்டார். ஹிதேயோஷிக்கு சிரிப்பு வந்துருச்சு, சுத்தி இருந்தவங்களுக்கும் உசுரு வந்துச்சு, பையன் தப்பிச்சான். பதறாத காரியம் சிதறாதுன்னு எங்க ஆத்தா சொன்னது இதுதான்! அதோட விட்டாங்களா, அந்த அஞ்சு துண்டையும் பொறுக்கி ஒட்டி வச்சாங்க. நானூறு வருஷம் கழிச்சு இன்னைக்கும் அந்த கிண்ணம் இருக்கு, ஒட்டு தெரியுது, ஒட்டோடதான் அதுக்கு மதிப்பு. உடைஞ்சதை அரக்கு வச்சு ஒட்டி, அந்த கீறல் மேல தங்கப்பொடி தூவுற வேலையை நீங்க கடையில பார்த்திருப்பீங்க, கின்ட்சுகி.

ஒரு கிண்ணத்துக்கு அவங்க இவ்வளவு மரியாதை தர்றாங்க, நாம எப்படி இருக்கோம்னு இப்போ நேரா கேக்குறேன். போன வருஷம் நம்ம பொங்கல் விழா முடிஞ்சு ஹாலை கூட்டினவங்க இங்க இருக்காங்க, அவங்களுக்கு தெரியும், குப்பைப் பை பை-யா பேப்பர் கப். பாதி குடிச்சது, வாய் வச்சு வச்சது, யாரோடதுன்னு தெரியாம இன்னொண்ணு எடுத்தது. பேப்பர்தானேன்னு நினைக்கிறோம், உள்பக்கம் தண்ணி ஊறாம இருக்க பிளாஸ்டிக் பூசியிருக்கு, சாதாரண காகிதத்தோட போட முடியாது. குப்பை பிரிக்குறதுல இவ்வளவு கறாரா இருக்குற ஊர்ல உக்காந்துக்கிட்டு நாமளே இதைச் செய்யுறோம். ஏலக்காய் தட்டி, இஞ்சி நசுக்கி, பாலை சுண்டக் காய்ச்சி அண்ணன்மார் டீ போடுறாங்க, அதை பிளாஸ்டிக் வாசனை அடிக்கிற கப்புல ஊத்தி கொடுக்குறது அந்த டீக்கும் மரியாதை இல்ல, வாங்குற விருந்தாளிக்கும் மரியாதை இல்ல.

"கழுவுறது யாரு?"ன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. தேநீர் அறைக்கு பின்னாடி மிஸுயான்னு ஒரு சின்ன இடம் இருக்கும், சாமான் கழுவி எடுத்து வைக்கிற இடம். படிக்க வர்ற மாணவங்க அங்க நின்னு கழுவுறதையும் துணி மடிக்கிறதையும் கத்துக்குறதும் படிப்புதான். கிண்ணம் கழுவுறதை கேவலமா யாரும் நினைக்கல. நம்ம தமிழ் வகுப்பு பெரிய பிள்ளைங்களும் பெரியவங்களும் அரை மணி நேரத்துக்கு ஒரு ஆளு வச்சு மாத்தி மாத்தி நின்னா முடிஞ்சது, ஹாலுக்கு பின்னாடி வெந்நீர் குழாயோட சிங்க் இருக்கு. சில்வர் டம்ளர் ஒரு தடவை வாங்குனா நம்ம பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும் வரும். பொருளாளர் அக்கா கணக்கு பார்த்து சொல்லட்டும், வருஷா வருஷம் கப்புக்கு போற காசு எவ்வளவுன்னு.

மூணாவதா விருந்தாளியோட பொறுப்பு பேசுறேன்னேன், சென்செய் அம்மா செஞ்சு காட்டப்போறாங்க, நேரம் அவங்களோடது. ரெண்டு வார்த்தை மட்டும். தேநீர் அறைக்கு போறப்போ மோதிரம், வாட்ச், நீள சங்கிலியை கழட்டி வச்சுட்டு போங்க, கிண்ணத்துல கீறல் விழக்கூடாது. சென்ட் அடிக்காதீங்க, சுத்தமான சாக்ஸ் போட்டுக்குங்க, ததாமி ஓரத்துல இருக்குற துணிக்கரையை மிதிக்காதீங்க. மண்டி போட முடியாத பெரியவங்க முன்னாடியே சொல்லிடுங்க, பல இடத்துல நாற்காலி போட்டு தருவாங்க.

வாசல்ல மேசை மேல ஒரு நோட்டு வச்சிருக்கேன். அடுத்த விழாவுல இருந்து பேப்பர் கப் வேண்டாம்னு நினைக்கிறவங்க பேரு எழுதுங்க, டம்ளர் கழுவ எந்த நேரம் நிக்க முடியும்னும் பக்கத்துலயே எழுதுங்க. முதல் வரியில என் பேரு இருக்கு, காலை பத்து மணி முறை என்னோடது. தலைவர் ஐயா அடுத்த கமிட்டி கூட்டத்துல இதை எடுத்துக்கணும்னு இந்த மேடையிலயே கேட்டுக்கறேன். இன்னைக்கு டீ அங்க சில்வர் டம்ளர்ல இருக்கு, எங்க வீட்டுலயும் பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் வாங்கி சேர்த்தது. குடிச்சதும் கூடையில வச்சிடுங்க. சென்செய் அம்மா, வாங்க. நன்றி, வணக்கம்.