டிஸ்க் கோல்ஃப்ல நேரா போற பட்டர் டிஸ்க் வேணுமா? நாலாவது நம்பரைப் பாருங்க

(திரையில்: பாஸ்கெட், இடது ஓரத்துச் செயின்ல உரசி கீழ விழுற டிஸ்க், ஸ்லோ மோஷன்ல)

இதைப் பாருங்க. டிஸ்க் கோல்ஃப்னா தட்டை வீசி, செயின் தொங்குற பாஸ்கெட்ல விழ வைக்கிற விளையாட்டு, பாஸ்கெட் பக்கத்துல இருந்து மெதுவா போடுற வீச்சுதான் பட், அதுக்கான டிஸ்க்தான் பட்டர். இது பத்து மீட்டர்ல இருந்து போட்ட பட். கை நேராத்தான் போச்சு, ஆனா டிஸ்க் கடைசி ரெண்டு மீட்டர்ல இடது பக்கம் சரிஞ்சு செயினை உரசிட்டு விழுந்துடுச்சு. எனக்கு ஒரு சீசன் முழுக்க இதேதான், நானும் கையைத்தான் மாத்தி மாத்திப் பார்த்தேன், கடைசியில பாத்தா நான் வச்சிருந்த டிஸ்க்குல ஃபேட்ங்கிற நாலாவது நம்பர் 3.

டிஸ்க் மேல நாலு நம்பர் இருக்கும். ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேட். வலது கையால பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்க கொண்டுபோய் வீசுறது) போடுறவங்களுக்கு டர்ன்னா வேகமா போறப்ப வலது பக்கம் சாயுறது, ஃபேட்னா வேகம் குறையுறப்ப இடது பக்கம் இறங்குறது, இடது கைக்காரங்க அப்படியே திருப்பிக்கோங்க. பட் போடுறப்ப நாம மெதுவாத்தான் விடுறோம் இல்லையா, அதனால டர்ன் பெருசா தெரியாது, ஃபேட்தான் சீக்கிரமே வந்து நிக்கும். அதான் நாலாவது நம்பரைப் பாருங்கன்னு சொல்றேன், 0ல இருந்து 1க்குள்ள இருந்தா போதும்.

இன்னோவா ஏவியார் 2, 3, 0, 1. எண்பதுகள்ல வந்தது, இன்னைக்கும் முதல் டிஸ்க்கா தைரியமா வாங்கலாம். அதே கம்பெனி நோவால ஃபேட் 0. டிஸ்க்ராஃப்ட் லூனால 3, எதிர்காத்துல அருமையா நிக்கும், ஆனா நேரா போகணும்னா அது இல்ல. ஒவ்வொரு கம்பெனியும் நம்பரை அவங்களே போடுறாங்க, அதனால ஒரு கம்பெனி 1ம் இன்னொரு கம்பெனி 1ம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.

(குளோசப்: டிஸ்க்கைத் திருப்பி, ரிம்மோட அடியில விரல் ஓட்டுறது)

இப்ப கடையில டிஸ்க்கைக் கவுத்து ரிம்மோட அடி ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க. சின்னதா ஒரு மேடு தட்டுதா? அதான் பீட். டைனமிக் டிஸ்க்ஸ் ஜட்ஜ்ல அது இருக்கு, ஃபேட் 1, வார்டன்ல அது இல்ல, ஃபேட் 0.5. ஆனா அந்த அரை நம்பரை விட விரலுக்கு எது சுகமா இருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம், விரல் சங்கடப்பட்டா விடுறப்ப டிஸ்க் ஆடிடும்.

பிளாஸ்டிக் விஷயத்துல, விலை கம்மியான பேஸ் பிளாஸ்டிக்கே எடுங்க, பிடி நல்லா இருக்கும், செயின்லயும் ஒட்டும். மரத்துல அடிச்சு அடிச்சு தேஞ்சா ஃபேட் குறைஞ்சு வலது பக்கம் போக ஆரம்பிக்கும், அதனால ஒரே மாடல், ஒரே எடையில ரெண்டு வாங்கி, ஒண்ணை பட் போட மட்டும் வச்சுக்கோங்க, தூரமா வீசுறதுக்கு இன்னொண்ணு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, டிஸ்க்கோட முன் விளிம்பு மேல தூக்கி இருந்தா எந்த டிஸ்க்கும் இடது பக்கம்தான் விழும். அதனால காத்து இல்லாத காலையில, நண்பரோட டிஸ்க்கை வாங்கிட்டுப் போய், முன் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சு இருபது தடவை போடுங்க, பாஸ்கெட் கம்பத்துக்கு இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனைன்னு எண்ணிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.