அங்கீகாரம் தேடுவது அடிமைத்தனமா?

மாண்பமை நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பிறருடைய அங்கீகாரத்தை நாடுவது மனிதனை வளர்க்கிறதா, தளர்த்துகிறதா?’ என்ற தலைப்பில், வளர்க்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், முகநூலில் படத்தைப் போட்டுவிட்டு விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞரைக் காட்டி, உண்மையான திறமைசாலி எவரிடமும் போய் நிற்கமாட்டார் என்று முடித்தார். கைதட்டல் பலமாகவே எழுந்தது; அதை அவர் வேண்டாம் என்று மறுத்ததாகத் தெரியவில்லை.

போய் நின்ற ஒரு திறமைசாலியை நான் காட்டுகிறேன். எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தேறாத கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன், 1910இல் திருக்கோவிலூருக்குச் சென்று, கணித ஆர்வலரான துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரிடம் தம் கணித நோட்டுகளைக் காட்டி எழுத்தர் வேலை கேட்டார். அந்த அறிவை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் முடக்க மனம் வராத ஐயர், சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

பின்னர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தரான இராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அங்கேயே வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதி உதவி கிடைக்காமற்போன பிறகும் எழுதினார். தாம் ஏழை என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல், தேற்றங்களில் மதிப்புள்ளவை இருந்தால் வெளியிட விரும்புவதாகவும், எந்த அறிவுரையையும் பெரிதாகக் கொள்வதாகவும் குறிப்பிட்டார். ஹார்டியின் பதில் வந்ததும் எழுதிய அடுத்த கடிதத்தில், பரிவுடன் நோக்கும் நண்பர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தவர், தாம் அரைப்பட்டினியில் இருப்பதாகவும், அவர் ஆதரவாக ஒரு கடிதம் எழுதினால் இங்கே உதவித்தொகை பெறலாம் என்றும் வாய்விட்டே கேட்டார். தம் கணிதத்தின்மீது நம்பிக்கை இல்லாதவரா இப்படிக் கேட்டார்? நம்பிக்கை நிறைய இருந்தது. சோற்றுக்கும் நேரத்துக்கும் அது போதவில்லை. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது.

பகா எண்களின் பரவலைப் பற்றி அவர் உறுதியாகச் சொன்ன சில முடிவுகள் தவறானவை என்பதையும் எதிரணியினர் கருத வேண்டும். அதைச் சுட்டிக்காட்டியவரும், நிறுவல் எங்கே என்று விடாமல் கேட்டவரும் அதே ஹார்டிதான். பாராட்டை எதிர்பார்த்து நீட்டிய தாளில்தான் திருத்தமும் விழும். கண்ணில் பட்டவரிடமெல்லாம் கையேந்துவதை நானும் ஆதரிக்கவில்லை. எதிரணியின் இளைஞர் ஆள் பார்த்துக் கேட்கவில்லை, இராமானுஜன் ஆள் பார்த்துக் கேட்டார்.

எதிரணித் தலைவருக்கு என் கேள்வி ஒன்றே: அந்த ஜனவரியில் துறைமுக அலுவலகத்தில் நீங்கள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்திருந்தால், அக்கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று தடுத்திருப்பீர்களா?