அம்மாவின் முழங்காலும் சமையலறை மணைக்கட்டையும்

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து பேசுகிறேன். ஹாலில் லைன் கிடைக்காது, இங்கேதான் கிடைக்கும். செம்பனை லோரி போகிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பேசப்போவது, முட்டி வலிக்கு வீடியோ அழைப்பில் பிசியோதெரபி, அதாவது உடற்பயிற்சி வைத்தியம், எடுப்பதைப் பற்றி.

அம்மாவுக்கு 67 வயது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, அப்புறம் பால் நிறைந்த வாளியைச் சுமந்து வந்த கால். இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. பிசியோதெரபிக்கு ஈப்போவுக்குப் போனோம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அரை மணி நேரப் பயிற்சிக்காக நான் ஒரு நாள் வேலையை விட வேண்டும். இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை அம்மா, "வேண்டாம்யா, உன் சம்பளம் போகுது" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் வரிசையில் பலருடைய சிகிச்சை நின்றுபோனது இப்படித்தான்.

அதனால் வீடியோ அழைப்புக்கு மாறினோம். முதலில் நேரில் முட்டியைத் தொட்டு, மடக்கிப் பார்த்த அதே பிசியோதான் திரையிலும் வந்தார். தொடாமல் என்ன வைத்தியம் என்று எனக்குச் சந்தேகம். ஆஸ்திரேலியாவில் நாட்பட்ட முழங்கால் வலி உள்ள 394 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் ஐந்து சந்திப்புகள். வலி குறைந்ததிலும் நடமாட்டத்திலும், வீடியோவில் பார்த்தவர்கள் நேரில் போனவர்களுக்குக் குறைந்துபோகவில்லை.

ஆனால் என் மனத்தை மாற்றியது ஆய்வு இல்லை, எங்கள் சமையலறை. "தம்பி, அம்மா வீட்டில் எங்கே உட்காருவார்? போனைக் கொண்டு போய்க் காட்டுங்கள்" என்றார் பிசியோ. காட்டினேன். ஒரு சாண் உயர மணைக்கட்டை. அதில் உட்கார்ந்துதான் அம்மா நெத்திலி கிள்ளுவார், கீரை ஆய்வார். "ஒரு நாளைக்கு இதிலிருந்து எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். அம்மா எண்ணிப் பார்த்து, "இருபது இருக்கும்" என்றார். ஈப்போவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த மணைக்கட்டை யார் கண்ணில் பட்டிருக்கும்?

அன்றே அதை எடுத்துவிட்டு உயரமான நாற்காலி போட்டோம். குளியலறைப் படிக்கும் ஒரு கைப்பிடி வைத்தாயிற்று.

நீங்களும் செய்வதாக இருந்தால், போனை முட்டி உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். கைலி கட்டினால் முட்டி தெரியாது, டிராக் சூட் நல்லது. பிசியோ முறையாகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, கால் மரத்து சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கால் பலத்தைப் பார்க்க, நாற்காலியில் கையை ஊன்றாமல் 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவார்கள். அம்மா வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழ் வந்தால் குறைவு. தொடங்கும்போது 7. நேற்று 10. எண்ணியது பக்கத்து வீட்டு அத்தை. அவருக்கும் முட்டி வலிதான். வியாழக்கிழமை அவரையும் பிசியோவிடம் நேரில் காட்டக் கூட்டிப் போகிறேன்.