ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கிறீர்களா?

வணக்கம், வானொலி நேயர்களே. பிரெஞ்சு படிக்கிறவர்களில் நிறையப் பேருக்குக் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய பாடப் புத்தகம். இரண்டாவது பாடத்திலேயே ஜெண்டர், ஆர்ட்டிகிள், டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும். உடனே, "இலக்கணமெல்லாம் வேண்டாங்க, பேசச் சொல்லிக்கொடுங்க, போதும்" என்பார்கள். பல வருடமாகப் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறேன், இதைக் கேட்காத வருடமே இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை, ஏனென்றால் ஆங்கிலம் பேசுவதற்கு இந்தச் சொற்களைப் பெரிதாக யோசிக்கவே வேண்டாம். அங்கே பெயர்ச்சொல்லுக்கு இருந்த பால் வேறுபாடெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேய்ந்து மறைந்துவிட்டது. பிரெஞ்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த இலக்கணச் சொற்களில் சில பிரெஞ்சிலிருந்தே போனவைதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த ஏராளமான பிரெஞ்சுச் சொற்களில் இவையும் உண்டு. டென்ஸ் என்பது பழைய பிரெஞ்சில் 'காலம்' என்று பொருள்படும் சொல். ஜெண்டர் என்றால் 'வகை', அவ்வளவுதான்.

இந்த 'வகை' என்ற அர்த்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். மேசை எப்படிப் பெண்ணாகும் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேசை பெண் இல்லை, மேசையைக் குறிக்கும் 'தாப்ல்' என்ற சொல், முன்னால் 'லா' போட்டுக்கொள்ளும் பெண்பால் வகையைச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆண்பால் வகைக்கு முன்னால் 'லெ' வரும். ஆள் என்பதற்கு 'பெர்சொன்' என்று ஒரு சொல் இருக்கிறது, அந்த ஆள் மீசை வைத்த ஆணாக இருந்தாலும் சொல் பெண்பால்தான். 'லா தூர்' என்றால் கோபுரம், ஈஃபிள் கோபுரத்தில் வருகிற அதே தூர். 'லெ தூர்' என்றால் சுற்று, தூர் தெ ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வருவது. முன்னால் நிற்கும் இந்த லெ, லா என்ற ஆர்ட்டிகிள் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. அதனால்தான் பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் பண்ணாதீர்கள், லெ அல்லது லா சேர்த்தே படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெயரடையும் இதன் பின்னாலேயே வரும்: ஆண்பால் என்றால் 'பெத்தி', பெண்பால் என்றால் 'பெத்தித்', கடைசியில் அந்த 'த்' காதில் விழும். அக்ரீமெண்ட் என்று புத்தகம் சொல்வது இந்த ஒத்துப்போதலைத்தான்.

அப்புறம் இம்பெர்ஃபெக்ட் என்ற இறந்தகால வடிவம். குறையுள்ள காலம் என்று நினைத்துவிடாதீர்கள். லத்தீனில் அதற்கு 'முடிவு பெறாதது' என்று பொருள், அதாவது நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக நடந்தது.

சரி, எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். டைரக்ட் ஆப்ஜெக்ட், இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், அதாவது நேரடிச் செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள். 'அவளைப் பார்க்கிறேன்' என்பது 'ஜெ லா வுவா', இங்கே 'லா' என்றால் 'அவளை'. இதைப் படித்த கையோடு என் வகுப்பில் ஒருவர் 'அவளுக்குப் போன் பண்ணுகிறேன்' என்பதற்கு 'ஜெ லா தெலெஃபோன்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்திலும் 'ஹெர்' ஒரே இடத்தில் அப்படியே நிற்கிறது, அவர் வேறெப்படி எழுதுவார்? சரியான வாக்கியம் 'ஜெ லுயி தெலெஃபோன்', 'லுயி' என்றால் 'அவளுக்கு'. நான் சிவப்பு மையில் திருத்தாமல், இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றேன். அவளைப் பார்க்கிறேன், அவளுக்குப் போன் பண்ணுகிறேன். ஒன்றில் 'ஐ', மற்றதில் 'கு'. இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று பள்ளியில் படித்தோமே, அது ஆங்கிலம் காட்டாத இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் தமிழையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்கிறோம், ஆங்கிலத்திலும் 'ஃபார்' தேவைப்படுகிறது, பிரெஞ்சில் 'ஜத்தான் லெ பூஸ்', நடுவில் எதுவுமே இல்லை, நேரடிச் செயப்படுபொருள். ஆகவே ஒரு வினைச்சொல்லைப் படிக்கும்போது அதற்குப் பின்னால் 'ஆ' என்ற சின்னச் சொல் வருகிறதா என்று அகராதியில் பாருங்கள். அது வந்து, அதற்கடுத்து ஓர் ஆள் இருந்தால், பெரும்பாலும் 'லுயி'. இல்லையென்றால் லெ, லா. தெலெஃபோனே (போன் பண்ணுவது), பார்லே (பேசுவது), ரெபோந்த்ர் (பதில் சொல்வது) எல்லாவற்றுக்கும் 'ஆ' வேண்டும். எகூதே, அதாவது காதால் கேட்பது, இதற்கு 'ஆ' வேண்டாம். ஆங்கிலத்தில் இதற்கு 'டு' போட்டுப் பழகியவர்கள் இங்கே 'ஆ' போட்டுவிடுவார்கள்.

நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதையே சொல்லிப் பாருங்களேன். ரேடியோ கேட்கிறேன்: 'ஜெகூத் லா ராதியோ'. அதைக் கேட்கிறேன்: 'ஜெ லெகூத்', இங்கே 'லா' சுருங்கி 'எகூத்'தோடு ஒட்டிக்கொண்டது.