நம் சாஃப்ட்வேருக்குள் வேர்ட் ஃபைல் எப்படித் திறக்கிறது?

(திரையில்: பிரவுசரில் நெக்ஸ்ட்கிளவுட். ஒரு வேர்ட் ஃபைலைக் கிளிக் செய்ததும் அதே டேபில் எடிட்டர் திறக்கிறது.)

வணக்கம். இந்தத் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே முகவரிப் பட்டையில் இருப்பது நெக்ஸ்ட்கிளவுட், ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் சாஃப்ட்வேர். ஆனால் டூல்பாரும் பக்கமும் கர்சரும் வருவது கொலாபொரா ஆன்லைன் என்ற வேறொரு சர்வரிலிருந்து. பார்ப்பவருக்கு ஒரே சாஃப்ட்வேர் மாதிரித்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கும் நூல், ஒரு ஐஃப்ரேம்: ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு வலைப்பக்கத்தைக் காட்டும் சட்டம். நெக்ஸ்ட்கிளவுட் இருக்கும் இடத்தில் இனி உங்கள் சாஃப்ட்வேரை வைத்துப் பாருங்கள்.

ஐஃப்ரேமைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது வெறும் ஜன்னல். உங்கள் ஃபைல் எடிட்டருக்குப் போய்ச் சேரும் வழி வேறு.

(திரையில்: மூன்று பெட்டிகள். பிரவுசர், உங்கள் சர்வர், எடிட்டர் சர்வர்.)

பிரவுசர் எடிட்டர் சர்வரிடம் முக்கியமாக இரண்டு விஷயங்களைக் கொடுக்கிறது: ஃபைல் இருக்கும் முகவரி, ஒரு டோக்கன். டோக்கன் என்பது உங்கள் சர்வர் கொடுத்த அனுமதிச் சீட்டு. அப்புறம் எடிட்டர் சர்வர் நேராக வந்து உங்கள் சர்வரின் கதவைத் தட்டுகிறது. எப்படித் தட்ட வேண்டும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த நெறிமுறைதான் வோப்பி. லிப்ரேஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட கொலாபொராவும் இதையே பேசுகிறது. நாளைக்கு எடிட்டரை மாற்றினாலும் நீங்கள் எழுதிய கோடில் பெரும்பகுதி உதவும் என்பதால், தங்களுக்கென்று தனி ஏபிஐ, அதாவது தனி இணைப்பு முறை, கொடுக்கும் எடிட்டர்கள் இருந்தாலும் நான் வோப்பி பக்கம்தான் சாய்வேன்.

எடிட்டர் சர்வர் உங்கள் சர்வரிடம் கேட்கும் முதல் கேள்வி, செக்ஃபைல்இன்ஃபோ. ஃபைலின் பெயர் என்ன, எவ்வளவு பெரிது, யாருடையது, இப்போது வந்திருப்பவர் யார், இவர் திருத்தலாமா? இதற்கு ஜேசான் என்ற டெக்ஸ்ட் வடிவில் பதில் சொல்கிறீர்கள். அடுத்து கெட்ஃபைல்: ஃபைலை அப்படியே அனுப்புகிறீர்கள். சேமிக்கும்போது புட்ஃபைல்: திருத்திய ஃபைல் உங்களிடம் திரும்பி வருகிறது. ஆரம்பிக்க இந்த மூன்று போதும்.

யாருக்கு என்ன அனுமதி என்பதை முடிவு செய்வது உங்கள் சர்வர்தான். திருத்தக் கூடாது என்று சொன்னால் எடிட்டர் படிக்க மட்டும் திறக்கும். அதை நம்பி, புட்ஃபைல் வரும்போது அந்த டோக்கனுக்குத் திருத்தும் அனுமதி உண்டா என்று சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். டோக்கன் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தக் கதவைத் தட்டலாம்.

(திரையில்: 'ஆக்ஸஸ் டோக்கன் டிடிஎல்' என்ற வரி பெரிதாகிறது.)

டோக்கனோடு கூடவே இந்த டிடிஎல்லும் போகும். டிடிஎல் என்றால் 'டைம் டு லிவ்', உயிரோடு இருக்கும் காலம். பெயரைப் பார்த்தால், டோக்கன் இன்னும் எத்தனை வினாடி செல்லும் என்று கேட்பது போலிருக்கிறது, இல்லையா? உண்மையில் அது காலாவதியாகும் நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிவினாடிகளில். பத்து மணி நேரம் என்று நினைத்து 36000 என்று எழுதினால், 1970 பிறந்து 36 வினாடியிலேயே உங்கள் டோக்கன் செத்துவிட்டது என்று பொருள். இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

அடுத்தது பூட்டு. மைக்ரோசாஃப்டின் எடிட்டர் திருத்தத் தொடங்கும்போது ஃபைலுக்குப் பூட்டு கேட்கும். புதுப்பிக்காவிட்டால் 30 நிமிடத்தில் அது தானாக விடுபட வேண்டும். வேறு பூட்டோடு யாராவது சேமிக்க வந்தால் 409 என்று, அதாவது 'முரண்பாடு' என்று பொருள்படும் பிழை எண்ணோடு, திருப்பி அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு பூட்டு என்று மட்டும் எண்ண வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து திருத்தினாலும் அவர்களுக்குப் பொதுவாக ஒரே பூட்டுதான்.

(திரையில்: டூல்பார் தெரிகிறது. நடுவில் சுழலும் வட்டம்.)

சரி, இது என் லேப்டாப்பில் நடந்தது. எடிட்டரின் பட்டைகள் எல்லாம் வந்தன, ஃபைல் மட்டும் வரவில்லை. ஒரு மாலை முழுக்க ஐஃப்ரேமைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், ஃபைல் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி', என்று எழுதியிருக்கிறேன். எடிட்டரோ டாக்கர் கண்டெய்னருக்குள், கணினிக்குள்ளேயே தனியாக அடைத்து வைத்த பெட்டி ஒன்றில், ஓடுகிறது. அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான். பாவம், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் கண்டெய்னருக்குள் போய் முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும் கர்ல் என்ற கட்டளையில் அந்த முகவரி எட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் பிரவுசரையே திறக்கிறேன்.

(திரையில்: ஒரே கடிதம் இரண்டு முறை. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.)

தமிழ் ஃபைல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கொலாபொரா பக்கத்தை சர்வரிலேயே வரைந்து, சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரவுசருக்கு அனுப்புகிறது. ஆகவே ஃபைலுக்கு வேண்டிய ஃபான்ட் உங்கள் கணினியில் இருந்து பயனில்லை, சர்வரில் இருக்க வேண்டும். லதா ஃபான்டில் அடித்த கடிதத்தை அது இல்லாத லினக்ஸ் சர்வரில் திறந்தால், வேறொரு தமிழ் ஃபான்ட் அந்த இடத்தைப் பிடிக்கும். வரிகள் நகரும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். படிக்கவாவது முடியும். பாமினியில் அடித்த பழைய ஃபைல் என்றால் அதுவும் இல்லை. பாமினி, தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண் கொடுக்கும் யூனிகோட் முறையிலான ஃபான்ட் அல்ல. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுவது அந்த ஃபான்ட். அது சர்வரில் இல்லாவிட்டால் வேஷம் கலைந்து, வலப்பக்கம் நீங்கள் பார்ப்பது போலாகிவிடும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் சர்வரில் என்னென்ன ஃபான்ட் இருக்கிறது என்று பாருங்கள்.