உடம்பு மெலிஞ்ச பிறகு தொங்குற தோல்: ஒரு தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வந்திருக்கிற கேள்விகள்ல இத முதல்ல எடுக்கிறன். ஏனெண்டா இதில கொஞ்சம் அவசரமும் இருக்கு.

வாழைச்சேனைப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வயசு 34, ரெண்டு புள்ளைகள், ரெண்டும் சீசர். 118 கிலோ இருந்தவ, சாப்பாட்டைத் திருத்தி, நடந்து, ரெண்டு வருசத்தில 71 கிலோவுக்கு வந்திருக்கிறா. இப்ப அடிவயித்துத் தோல் மடிஞ்சு தொங்குதாம். மடிப்புக்குள்ள எரிவு, கடி, மணம். "வீட்டில எல்லாரும் இன்னும் வயிறு வத்தல்லயே எண்டு சொல்றாங்க டொக்டர். அதால இப்ப ஒரு நேரம்தான் சாப்பிடுறன். முடியெல்லாம் கொட்டுது. என்ன எக்சசைஸ் செஞ்சா இது உள்ள போகும்? கிறீம் ஏதும் இருக்கா? இல்ல, ஒப்பரேசன்தான் வழியா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, அந்த ஒரு நேரச் சாப்பாட்டை இண்டைக்கே நிப்பாட்டுங்க. மற்றதெல்லாம் மறுகா.

நீங்க கரைக்கப் பாக்கிறது கொழுப்பு இல்ல, தோல். கொழுப்பு பட்டினிக்குக் கரையும், தோல் கரையாது. பட்டினி கிடக்கக் கிடக்க உள்ளுக்குள்ள இருக்கிற தசைதான் வத்தும். தசை வத்தினா அதுக்கு மேல இருக்கிற தோல் இன்னும் தளர்ந்து தொங்கும். அப்ப வீட்டில இருக்கிறவங்க "இன்னும் குறையல்ல" எண்டு சொல்லுவாங்க, நீங்க இன்னும் குறைப்பீங்க. இப்படிப் போய், ரத்தம் குறைஞ்சு தலைசுத்தி விழுந்து வாற பெண்களை நான் கிளினிக்கில பாக்கிறன். மனசுக்கு மிச்சம் கஷ்டமா இருக்கும். 47 கிலோ குறைச்ச ஒரு ஆளைப் பாத்து வயிறு வத்தல்ல எண்டு சொல்ல எப்படித்தான் மனம் வருதோ தெரியாது.

ஏன் தோல் சுருங்கல்ல? தோலுக்குள்ள கொலாஜன், இலாஸ்டின் எண்டு நார்கள் பின்னிக் கிடக்கு. நம்மட வாவியில வீசுற வலையை யோசிச்சுப் பாருங்க. கண்ணி அறுந்து அகண்ட வலையை எவ்வளவு உதறினாலும் பழைய கண்ணி வராது. அதுதான் இங்கயும் நடந்திருக்கு. வருசக்கணக்கா இழுபட்ட தோல்ல அந்த நார் அறுந்திருக்கும். எவ்வளவு காலம் நிறை கூடி இருந்தீங்க, எத்தின கிலோ குறைஞ்சிருக்கு, வயசு என்ன, புள்ள பெத்திருக்கிறீங்களா, சிகரட் இருக்கா, பரம்பரை எப்படி, இதெல்லாம் சேர்ந்துதான் எவ்வளவு சுருங்கும் எண்டதைத் தீர்மானிக்கும். கொஞ்சம் சுருங்கும், ஓம். நிறை ஒரே அளவில நிண்ட பிறகு ஒரு வருசம், ஒண்டரை வருசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறுகலாம். 47 கிலோவுக்குப் பிறகு முழுசாப் போகும் எண்டு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன்.

வீட்டில ஒருக்காப் பாருங்க. நிண்டுகொண்டு அந்த மடிப்பை ரெண்டு விரலால பிடிங்க. மெல்லிசா, விரலுக்கு விரல் முட்டுற மாதிரி இருந்தா அதில இருக்கிறது தோல்தான். தடிப்பா கையை நிறைச்சா கொழுப்பும் இருக்கு. கனபேருக்கு ரெண்டும் கலந்துதான் இருக்கும். மறுகா ஒருக்கா இருமிப் பாருங்க. இருமக்குள்ள ஒரு இடம் மட்டும் புடைச்சு வந்தா, அது குடலிறக்கமா இருக்கலாம். சீசர் செஞ்ச ஆக்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேணும், டொக்டரிட்டக் காட்ட வேணும்.

இனி அந்தப் புண். எனக்கு ஒப்பரேசனை விட இதுதான் முக்கியம், ஏனெண்டா இதுக்கு இண்டைக்கே வழி இருக்கு. தோலும் தோலும் ஒட்டி, வேர்வை தங்கி, உரசுப்பட்டு, அதுக்குள்ள பூஞ்சணம் பிடிக்குது. நம்மட ஊர் வெக்கைக்கு இது வராட்டித்தான் அதிசயம். குளிச்ச உடனே உடுப்பைப் போடாம, மடிப்பைத் தூக்கிப் பிடிச்சு மெத்தெண்ட துணியால ஒத்தி எடுங்க. தேய்க்க வேணாம். ஃபேனுக்கு முன்னால கொஞ்ச நேரம் படுத்து நல்லாக் காயவிடுங்க. பழைய பருத்திச் சாறனோ சாரியோ இருந்தா அதைக் கிழிச்சுத் துவைச்சு, நீளத் துண்டா மடிப்புக்குள்ள வைங்க. ஈரமான உடனே மாத்துங்க. மாரி காலத்தில உடுப்புக் காயாது எண்டு அரைகுறை ஈரத்தோட உள்ளுடுப்புப் போடுறது நம்மட ஆக்களிட்ட இருக்கிற பழக்கம். அதை விடுங்க. சாரி உடுத்தி வேலைக்குப் போறதெண்டா பாவாடை நாடாவைப் பாருங்க. அது சரியா அந்த மடிப்பிலதான் அழுந்தும். அகலமான பட்டி வைச்சுத் தைச்சு, மடிப்புக்கு மேல கட்டுங்க.

மருந்துக்கு, பூஞ்சணம் எண்டு டொக்டர் பாத்துச் சொன்னா குளோட்ரிமசோல் கிறீம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மெல்லிசாப் பூசலாம். புண் மாறின மாதிரித் தெரிஞ்ச உடனே விட்டுராதீங்க, இன்னும் ரெண்டு கிழமை பூச வேணும். பாமசில போய் "கடிக்கு ஒரு கிறீம் தாங்க" எண்டு கேட்டு, ஸ்டீரொயிட் கலந்த கிறீம் வாங்கிப் பூசுறவங்க நிறையப் பேர். ரெண்டு நாளில கடி நிக்கும், அதால நல்ல மருந்து எண்டு நம்பிருவாங்க. உள்ளுக்குள்ள பூஞ்சணம் பரவும், தோல் இன்னும் மெலியும், வரி விழும். நல்லெண்ணெய், மஞ்சள் ஒண்டும் அந்தப் புண்ணுக்குள்ள வேணாம். திரும்பத் திரும்ப வந்தா ரத்தத்தில சீனி எவ்வளவு இருக்கெண்டு சோதிச்சுப் பாத்துக்கொள்ளுங்க. மடிப்பைச் சுத்திச் சிவந்து, சூடா, நோவோட பரவி காய்ச்சலும் வந்தா அது வேற விசயம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

தோலை இறுக்கிற கிறீம் எண்டு விக்கிற எதுவும் இந்த அளவுத் தோலை இறுக்காது. காசை வீணாக்காதீங்க. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்க. உண்மையாத்தான் சொல்லுறன். உங்கட நிறைக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் அளவில புரதம் வேணும். 100 கிராம் மீனில 20 கிராம் அளவு வரும், ஒரு முட்டையில 6, அவிச்ச பருப்பு 100 கிராமில 8, 9. தயிர் நம்மட ஊரில பஞ்சமில்ல, சீனி போடாமச் சாப்பிடுங்க. கச்சானும் கடலையும் இருக்கு. சிறுநீரக வருத்தம் உள்ளவங்க மட்டும் டொக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேணும். முடி கொட்டுறதுக்கு ரத்தமும் இரும்புச் சத்தும் பாருங்க. நடையோட சேத்து, பாரம் தூக்கிற பயிற்சியும் செய்யுங்க. அது தோலைச் சுருக்காது, தசையை வளர்க்கும். கையிலயும் தொடையிலயும் தோலுக்குக் கீழ கொஞ்சம் நிரம்பும். அடிவயித்து மடிப்பு அதுக்கு அசையாது, அதை நம்பி ஒரு நாளைக்கு நூறு தரம் எழும்பி இருந்து முதுகை நோவாக்காதீங்க.

ஒப்பரேசன். தொங்குற மடிப்பை மட்டும் வெட்டி எடுக்கிறது ஒண்டு, பனிக்குலெக்டமி. தோலையும் எடுத்து, பிரிஞ்ச வயித்துத் தசையையும் இழுத்துத் தைச்சு, தொப்புளையும் இடம் மாத்தி வைக்கிறது மற்றது, அப்டொமினோபிளாஸ்டி. டமி டக் எண்டு சொல்றது அதைத்தான். கொழுப்பை உறிஞ்சுற லைப்போசக்சன் உங்களுக்குச் சரிவராது, தோல் இன்னும் தளரும். எது செய்யிறதெண்டாலும் நிறை குறைஞ்சது 6 மாசமாவது ஏறாம இறங்காம நிக்க வேணும். இன்னொரு புள்ள வேணும் எண்டு நினைச்சா அது முடியட்டும். ரத்தமும் புரதமும் குறைஞ்ச உடம்பில வெட்டின காயம் ஆறாது. பட்டினியை முதல்ல நிப்பாட்டச் சொன்னதுக்கு இதுவும் காரணம்.

லேசான ஒப்பரேசன் எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க. ஒரு இடுப்பெலும்பில இருந்து மற்ற இடுப்பெலும்பு வரைக்கும் தழும்பு இருக்கும். நம்மட கறுத்தத் தோலுக்கு அது தடிச்சு வளரவும் கூடும். நீர் கட்டும், அதுக்குக் குழாய் வைப்பாங்க. தொப்புளுக்குக் கீழ மாசக்கணக்கா மரத்துப்போயிருக்கும். 6 கிழமைக்குப் பாரம் தூக்க ஏலாது. தண்ணி அள்ளுறது, கேஸ் சிலிண்டர், சின்னப் புள்ளையைத் தூக்குறது, எல்லாம் வேற ஆள்தான் செய்ய வேணும். அந்த ஆள் யார் எண்டு முதல்லயே வீட்டில கதைச்சு முடிவெடுங்க. இறுக்கமான பட்டியும் கிழமைக்கணக்காப் போட வேணும். கச்சான் காத்து வீசுற ஆனி, ஆடி வெக்கைக்குள்ள அது பெரிய பாடு. மார்கழி லீவுப் பக்கமா வைச்சுக்கொள்ளுங்க எண்டு நான் கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறனான்.

இவ்வளவும் சொன்னாலும், புண் மாறாம, நடக்க ஏலாம அவதிப்படுற ஆளுக்கு இது அலங்கார ஒப்பரேசன் இல்ல. கேக்க வெக்கப்படாதீங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லி உங்கட டொக்டரிட்டக் கேளுங்க. தேவையெண்டா அங்க இருந்து பிளாஸ்டிக் சேர்ஜனிட்ட அனுப்புவாங்க. போகக்குள்ள, புண் வந்த நேரமெல்லாம் ஃபோன்ல எடுத்த படம், திகதி, பூசின மருந்து, நிறை எழுதின கொப்பி, எல்லாத்தையும் கொண்டு போங்க. புண் மாறியிருக்கிற அண்டைக்குப் போய் வாயால சொன்னா டொக்டருக்கு அது விளங்காது.

இதையே கல்முனையில இருந்து ஒரு தம்பியும் கேட்டிருக்கிறார், அவருக்கு நெஞ்சுத் தோல். தம்பி, உங்களுக்கும் இதே பதில்தான். உங்களுக்கு இன்னும் நிறை இறங்கிக்கொண்டிருக்கு, அதால இப்ப ஒப்பரேசன் வேணாம். சிகரட்டை மட்டும் இப்பவே விடுங்க. வெட்டுறதுக்கு ஆகக் குறைஞ்சது 4 கிழமைக்கு முன்னாலயாவது அது நிக்க வேணும், இல்லாட்டி காயத்துக்கு ரத்தம் போகாம விளிம்பு கறுத்துப் போகும்.