ஆறு சிங்கங்களும் ஒரு எலியும்

வணக்கம். கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், பக்கத்தில் பிரார்த்தனை நடக்கிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி கதீட்ரலுக்குள் இருக்கிறேன். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இங்கே கல்லாகப் படுத்திருப்பவர் வில்லியம் லாங்கெஸ்பே. 1226இல் இறந்தவர். இரண்டாம் ஹென்றி மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். முகம் இருக்கட்டும், கேடயத்தைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு சிங்கங்கள், எல்லாம் பின்னங்காலில் எழுந்து நிற்கின்றன. சாயம் பெரும்பாலும் போய்விட்டது. நீலத்தில் பொன் சிங்கங்கள் அவை.

சரி, இப்போது என் போனில் இந்தப் படம். பிரான்சில் லெ மான் நகரில் இருக்கிற எனாமல் தகடு, இரண்டடி உயரம். இதில் நிற்பவர் ஆஞ்சு பிரபு ஜெஃப்ரி, 1151இல் இறந்தவர். இவர் கேடயமும் நீலம்தான், இதிலும் பொன் சிங்கங்கள்தான். ஜெஃப்ரி யார் என்றால், வில்லியமுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா! கேடயத்தில் வரைந்த படம் பரம்பரைச் சொத்தாக மாறியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று. 1128இல் ஜெஃப்ரி நைட் ஆனபோது சிங்கம் போட்ட கேடயத்தை அவர் கழுத்தில் மாட்டினார்கள் என்று ஒரு துறவி எழுதியிருக்கிறார். அவர் எழுதியது பல வருடம் கழித்து. அதனால் அந்த 1128ஐ நான் பென்சிலில்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், இந்தச் சின்னங்களை நினைவில் வைத்துக்கொள்வதே சிலருக்குத் தொழிலானது. போர் விளையாட்டுகளில் யார் வருகிறார் என்று அறிவித்த ஹெரால்டுகள்தான் அவர்கள். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் அவர்களை காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்று ஓர் அமைப்பாக்கினார், லண்டனில் இன்றும் இருக்கிறது. 1530 முதல் 1680கள் வரை ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், “இந்தச் சின்னம் உனக்கு எப்படி வந்தது?” என்று கேட்டு வம்சாவளியை எழுதிக்கொண்டார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அந்தப் பதிவுகள் புதையல். ஆனால் அப்பா, தாத்தா வரை நம்பலாம். அதற்கு மேலே போகப்போக வீட்டுப் பெருமை கலந்திருக்கும்.

என்னோடு வேலை செய்கிற ஒருவருடைய பெயர் ஸ்மித். “ஸ்மித் குடும்பச் சின்னம்” போட்ட மக் ஒன்று வைத்திருக்கிறார், காசு கொடுத்து வாங்கியது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஸ்மித் என்ற பெயருக்கென்று சின்னமே கிடையாது. இங்கே சின்னம் ஒரு ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. அப்புறம் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மக்கை விடுங்கள், கல்லறைகளைப் பாருங்கள். கேடயம் நடுவில் செங்குத்தாகப் பிரிந்திருந்தால் நமக்கு இடப்பக்கம் கணவனுடையது, வலப்பக்கம் மனைவியின் அப்பாவுடையது. கணவனின் சின்னத்துக்கு நடுவே குட்டிக் கேடயம் ஒன்று ஒட்டியிருந்தால் இன்னும் சுவாரஸ்யம்: மனைவிக்குச் சகோதர வாரிசு இல்லை, பிறந்த வீட்டுச் சின்னம் அவள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று அர்த்தம். பேர் அழிந்த கல்லில்கூட எந்த வீட்டுப் பெண் என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம். சர்ச் பதிவேட்டில் “மனைவி மேரி” என்று மட்டும் எழுதி முடித்திருப்பார்கள்!

வில்லியமுக்கு விஷம் வைத்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. 1791இல் இந்தக் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் ஒரு செத்த எலி இருந்தது, அதில் ஆர்சனிக் தடயமும் இருந்ததாம். எலி எதிரே சாலிஸ்பரி மியூசியத்தில் இருக்கிறது. மூடுவதற்குள் ஓடுகிறேன், வாருங்கள்.